போதும் என்பதும் இன்னும் வேண்டும் என்பதும்

(நன்னிலத்தில் நடந்த கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



இன்று நாம் பேச வேண்டிய விஷயமாகக் கூட்டத்தார் நோட்டீசில் போட்டிருப்பது "மனித வாழ்வு" என்பதாகும். மனித வாழ்வு என்று போட்டுவிட்டால் எதை வேண்டுமானாலும் பேசிக் கொள்ளலாம் என்கின்ற ஒரு சௌகரியம் பேசுகின்றவனுக்கு உண்டு. ஆனால் மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி டீக்கடைப் பெஞ்சில் சற்று உட்கார்ந்திருந்தபோது நம் காதில் விழுந்த ஒரு பேச்சானது, நாம் எதைப் பேசுவது என்பதைத் தீர்மானித்துக் கொடுத்துவிட்டது. ஆகவே அதை முதலில் சொல்லிவிட்டு மேலே போகின்றோம்.

அந்தப் பெஞ்சில் இருவர் இருந்தார்கள். ஒருவர் வயல் வேலையிலேயே அறுபது வருஷத்தைக் கழித்த பெரியவர். மற்றவர் பதினோரு வருஷமாக அரபு நாட்டில் வேலை பார்த்துவிட்டு லீவில் வந்திருக்கின்ற, நாற்பது வயதுத் தோழர். பெரியவர் கேட்டார்: "ஏன் தம்பி, வீடும் கட்டியாச்சு, தங்கச்சி கல்யாணமும் முடிஞ்சுது. இருக்கிறது போதும்னு புள்ளையோட இருக்கக் கூடாதா?" அதற்கு அவர், "இன்னும் ரெண்டே வருஷந்தான் பெரியப்பா. ஒரு கடையைக் கட்டிப் போட்டுட்டா அப்புறம் நிம்மதியா ஒக்காந்துடுவேன்" என்றார். "நாலு வருஷத்துக்கு முன்னாடியும் இதே ரெண்டு வருஷந்தான் சொன்னே" என்று பெரியவர் சிரித்தார். தம்பிக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது. "நீங்க போதும் போதும்னு இருந்து என்னத்தைக் கண்டீங்க பெரியப்பா? அதே கூரை வீடு, அதே ஒழுகல்தானே?" என்று கேட்டுவிட்டார். பெரியவர் பதில் சொல்லவில்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டுக் கிளாசை வைத்தார்.

தோழர்களே! பெரியவர் சொன்னதும் நமக்குச் சரியாகவே பட்டது. அந்தத் தோழர் சொன்னதும் சரியாகவே பட்டது. ஒன்றுக்கொன்று விரோதமான இரண்டு பேச்சும் சரியாகப் படுமானால் எங்கேயோ ஒரு கோளாறு இருக்க வேண்டும். அந்தக் கோளாறு எங்கே இருக்கின்றது என்பதைத்தான் இப்போது உங்களோடு சேர்ந்து தேடிப் பார்க்கப் போகின்றோம். நாம் சொல்லுவதை நம்ப வேண்டியதில்லை. உங்கள் அனுபவத்தோடு ஒத்திட்டுப் பார்த்து, சரியென்று பட்டால் வைத்துக் கொள்ளலாம்.

"போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து" என்று ஒரு பழமொழி இருக்கின்றது. நல்ல மருந்துதான். ஆனால் இந்த மருந்தை யார், யாருக்குக் கொடுத்து வந்திருக்கின்றார்கள் என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். இந்தத் தாலுகாவில் பத்து வேலி, இருபது வேலி வைத்திருந்த மிராசுதாரர் எவராவது பத்தாயம் நிறைந்துவிட்டது, போதும், இந்த வருஷம் குத்தகை நெல் வேண்டாம் என்று சொன்னதுண்டா? களத்தில் நெல்லை அளக்கின்றபோது மரக்காலில் கூம்பாகக் குவித்து அளந்து வாங்கினவர், கூலி போடுகின்றபோது தலை வழித்து அளந்தார். கூம்பு அவருக்கு, "போதும்" என்பது கூலிக்காரனுக்கு. அதாவது வியாதிக்காரன் ஒருவன். மருந்து சாப்பிட்டவன் அவனே. ஆனால் பொன் சேர்ந்தது மட்டும் வைத்தியன் வீட்டில். இந்த மாதிரி மருந்தை உலகத்தில் வேறெங்கும் காண முடியாது.

பண்ணையாள் என்கின்ற பெயரில் நம் தஞ்சை ஜில்லாவில் எப்படி மனிதர்கள் இருந்தார்கள் என்பதை இங்குள்ள பெரியவர்கள் தங்கள் தகப்பனார் வாயிலாகக் கேட்டிருப்பார்கள். விடிவதற்கு முன் வயலில் இறங்க வேண்டும். இருட்டின பின்பு ஏற வேண்டும். அவனுக்கு வேலை நேரம் என்பது கிடையாது. சூரியன் தான் கடிகாரம், அதுவும் எஜமானனுக்குச் சாதகமாக ஓடும் கடிகாரம். நேரமாகிவிட்டது என்றாலும், எதிர்த்துப் பேசினான் என்றாலும் சாட்டையடி, சாணிப்பால். சாணிப்பால் என்றால் என்னவென்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. மாட்டுச் சாணத்தைத் தண்ணீரில் கரைத்து மனிதன் வாயில் ஊற்றிக் குடிக்கச் செய்வது. அவனைப் பார்த்துத்தான் இருப்பதைக் கொண்டு திருப்தியாய் இரு, உன் தலைவிதி இது, அடுத்த ஜன்மத்தில் நன்றாயிருப்பாய் என்று சொன்னார்கள்.

அவன் அந்த மருந்தைச் சாப்பிட மறுத்த நாளிலிருந்துதான் அவன் நிலை மாறிற்று. 1943-ஆம் வருஷம் முதல் தோழர் பி. சீனிவாசராவ் அவர்கள், கன்னட தேசத்திலிருந்து வந்து, தமிழே சரியாகப் பேசத் தெரியாத நிலையில், இந்தக் கீழத் தஞ்சைச் சேரிகளில் தங்கிச் சங்கம் கட்டினார்கள். அடித்தால் திருப்பி அடி என்று சொன்னார்கள். 1952-ல் தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில் குத்தகைக்காரனுக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்று ஏற்பட்டது. 1956-ல் நியாயக் குத்தகைச் சட்டம் வந்து ஐந்தில் மூன்று பங்காயிற்று. முதலில் கிடைத்ததோடு "போதும்" என்றிருந்தால் இரண்டாவது கிடைத்திருக்குமா?

1968-ஆம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி இரவில் கீழ்வெண்மணியில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கூலி நெல் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள் என்று கேட்டதும், சங்கக் கொடியை இறக்க மாட்டோம் என்றதுமே குற்றமாக, ஒரு குடிசைக்குள் ஒளிந்திருந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அதில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. அதற்குப் பிறகு 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் ஏற்பட்டது. அந்த நெல் எவ்வளவு என்று நினைக்கின்றீர்கள்? படிக் கணக்குத்தான். வேலிக் கணக்கில் நிலம் வைத்திருந்தவன் "இன்னும்" என்றான்; அது முயற்சி என்று பெயர் பெற்றது. படிக் கணக்கில் கேட்டவனும் "இன்னும்" என்றான். அது பேராசை என்று பெயர் பெற்றது.

ஆகவே பசித்தவனிடத்தில், ஒண்ட வீடில்லாதவனிடத்தில், திருப்தியைப் பற்றிப் பேசுவது யோக்கியமான பேச்சாகாது என்பது நம்முடைய முதல் அபிப்பிராயம். டீக்கடைத் தோழர் பெரியவரைக் கேட்ட கேள்வியில் இவ்வளவு நியாயம் இருக்கின்றது.

நிற்க, பெரியவர் பக்கத்து நியாயத்துக்கு வருவோம்.

அந்தத் தோழரிடம் பிறகு நாம் தனியாகப் பேசினோம். அவர் அனுமதி கொடுத்தபடியால் பெயர் சொல்லாமல் சொல்லுகின்றோம். இரண்டு வருஷத்திற்கு ஒரு தடவை இரண்டு மாதம் லீவு. பதினோரு வருஷத்தில் ஐந்து லீவு; ஆக மொத்தம் பத்து மாதம். அவருக்கு ஒன்பது வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கின்றது. அந்தக் குழந்தை பிறந்ததைப் படத்தில் பார்த்தார். பல் முளைத்ததையும், நடந்ததையும், பள்ளிக்கூடத்தில் பேசிப் பரிசு வாங்கினதையும் போனில் பார்த்தார். ஒன்பது வருஷத்தில் அதன் கூடவே இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருஷம் கூடத் தேறவில்லை. தரைக்கு வழவழப்பான கல் போட்ட வீடு இருக்கின்றது. அதில் அவர் படுத்துறங்கிய இரவுகளை விட, எட்டுப் பேர் அடைந்த ஓர் அறையில் இரண்டடுக்குக் கட்டிலில் படுத்த இரவுகள் பத்துப் பங்கு அதிகம். இன்னும் பதினைந்து வருஷம் இப்படியே போனால், ஏழு லீவு, பதினான்கு மாதம். அதற்குள் அந்தப் பெண் கல்யாணமாகிப் போய்விடும். இந்தக் கணக்கை நாம் போட்டுக் காட்டினபோது அவர், "நான் சம்பளக் கணக்கு, பேங்க் கணக்கு எல்லாம் போட்டிருக்கேன் ஐயா, இந்தக் கணக்கை மட்டும் போட்டதில்லை" என்றார்.

இது அவர் ஒருவர் கதையல்ல. கடல் கடந்து போவது நம் ஜில்லாவுக்குப் புதிதும் அல்ல. கூத்தாநல்லூரைச் சின்ன சிங்கப்பூர் என்றே சொல்லுகின்றார்கள். அதற்கு முன் கங்காணிகள் பின்னால் மலாய் நாட்டு ரப்பர்த் தோட்டத்துக்குக் கப்பல் ஏறினவர்கள் எத்தனையோ பேர். 1938-ல் சர்க்கார் அதை நிறுத்துகின்ற வரையில் அது நடந்தது. இரண்டு வருஷத்தில் திரும்புவேன் என்று போனவர்கள் அங்கேயே மண்ணாய்ப் போனார்கள். பர்மாவில் பணம் சேர்த்தவர்களோ 1942-ல் ஜப்பான்காரன் வந்தவுடன் போட்டது போட்டபடி போட்டுவிட்டுக் காட்டு வழியே நடந்து வந்தார்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். பிறகு அனுபவிக்கலாம் என்று சேர்த்து வைத்ததெல்லாம் பிறகு என்பது வராமலே போயிற்று.

இதில் நமக்கு ஒரு வேடிக்கை தோன்றுகின்றது. மோட்சம் என்பது கிடையாது, செத்த பிறகு சுகம் என்பது ஏமாற்று, இங்கேயே இப்போதே மனிதன் மனிதனாக வாழ வேண்டும் என்று நாம் ஊர் ஊராய்ப் பேசி வருகின்றோம். நீங்களும் கை தட்டுகின்றீர்கள். ஆனால் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போய் என்ன செய்கின்றோம்? வீடு கட்டின பின் சுகம், கடன் அடைந்த பின் சுகம், பெண்ணைக் கட்டிக் கொடுத்த பின் சுகம், பென்ஷன் வந்த பின் சுகம் என்கின்றோம். புரோகிதன் சாவுக்கு அப்புறம் என்றான். நாம் அறுபது வயதுக்கு அப்புறம் என்கின்றோம். தேதி கொஞ்சம் முன்னால் வந்ததே தவிர, தந்திரம் ஒன்றுதான். மேல் உலகத்து மோட்சத்தை விட்டவன் இந்த உலகத்திலேயே ஒரு மோட்சத்தைக் கட்டி அதற்கும் வரி செலுத்திக் கொண்டிருப்பானானால் அவனைப் பகுத்தறிவுவாதி என்று எப்படிச் சொல்லுவது? நம்மையும் சேர்த்துத்தான் சொல்லுகின்றோம்.

நிலத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். மேட்டூர் அணை 1934-ல் திறக்கப்பட்டது. ஜூன் 12-ந் தேதி தண்ணீர் என்று ஒரு கணக்கு ஏற்பட்டு, குறுவை, சம்பா, தாளடி என்று காலம் வகுத்துப் பயிர் செய்தோம். 1960 முதல் நம் ஜில்லாவைத் தீவிர விவசாயத் திட்டத்தில் சேர்த்து, யூரியாவும் பூச்சி மருந்தும் கடனும் கொடுத்தார்கள். பிறகு ஆடுதுறை 27 என்கின்ற குறுவை ரகம் வந்தது. விளைச்சல் கூடிற்று, பஞ்சம் என்கின்ற சொல் பின்னுக்குப் போயிற்று. அதை நாம் குறை சொல்லவில்லை. பழைய காலத்தைப் பொற்காலம் என்று புலம்புகின்றவர்களோடு நமக்குச் சம்பந்தமில்லை, அந்தப் பொற்காலத்தில் சாணிப்பால் குடித்தவன் யார் என்று தெரியும். ஆனால் முன்பு சம்பாக் கதிர் நிற்கும்போதே உளுந்தும் பயறும் தெளித்து, அதை எடுத்த பின் கோடையில் நிலம் சும்மா கிடக்கும். இராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் ஆட்டுக் கிடை போடுவார்கள். சும்மா கிடந்தது என்றா நினைக்கின்றீர்கள்? வெயிலில் வெடித்து, காற்று வாங்கி, எரு தின்று, நிலம் தன் வேலையைப் பார்த்துக் கொண்டிருந்தது. இப்போது போர்வெல் இருக்கின்ற இடங்களில் கோடைக்கும் நெல். நிலத்துக்கும் லீவு கிடையாது. மேலே மேலே உரம் கேட்கின்றது, கடன் ஏறுகின்றது. 2023-ல் ஜூன் 12-ந் தேதியே தண்ணீர் விட்டார்கள். பாதியில் தண்ணீர் போதாமல் குறுவை காய்ந்தது. 2024-ல் ஜூலைக் கடைசி வரை அணையே திறக்கவில்லை. ஒய்வே இல்லாமல் ஓட்டப்படும் நிலமும், ஓய்வே இல்லாமல் ஓடும் மனிதனும் ஒரு தடவை தண்ணீர் தவறினால் தாங்குவதில்லை.

பிள்ளைகள் சங்கதியைச் சொல்லவே கஷ்டமாயிருக்கின்றது. நம் ஜனங்கள் படிப்பதற்கே உரிமையில்லாமல் இருந்தவர்கள். ஆகையால் பிள்ளை நன்றாகப் படிக்க வேண்டுமென்று துடிப்பது நியாயம். ஆனால் காலை நான்கு மணிக்கு எழுப்பி, இரவு பதினோரு மணி வரை உட்கார வைத்து, விளையாட்டும் இல்லை, சங்கீதமும் இல்லை, ஞாயிற்றுக் கிழமையும் இல்லை என்று ஆடு மாடுகளை அடைப்பது போல் அடைத்து வைக்கும் இடத்துக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டுகின்றோம். "ரெண்டு வருஷம் கஷ்டப்படு, அப்புறம் வாழ்நாள் பூராவும் சுகம்" என்கின்றோம். மறுபடியும் அதே இரண்டு வருஷம்! பதினாறு வயது என்பது டாக்டராவதற்கு முன் இருக்கின்ற காத்திருப்பு மண்டபம் அல்ல. அதுவும் அந்தப் பிள்ளையின் ஆயுளில் ஒரு பகுதிதான்.

அப்படியானால் சம்பாதிக்க வேண்டாம், இன்றைக்குச் சந்தோஷமாய் இருந்துவிட்டுப் போகலாம் என்று நாம் சொல்லுவதாக யாராவது எடுத்துக் கொள்ளப் போகின்றீர்கள். லோகாயதர்கள் கடன் வாங்கியாவது நெய் சாப்பிடு என்று போதித்ததாக அவர்களுடைய எதிரிகள் எழுதி வைத்திருக்கின்றார்கள். அவர்கள் எழுதினது அழிந்து போய், எதிரிகள் எழுதினது மட்டும் மிஞ்சினால் எந்தக் கட்சிக்கும் இந்தக் கதிதான். கிரேக்க தேசத்தில் சுமார் 2,300 வருஷங்களுக்கு முன் எபிகூரஸ் என்று ஒரு அறிஞர் இருந்தார். கடவுளுக்குப் பயப்படாதே, சாவுக்குப் பயப்படாதே, இன்பமாய் வாழ் என்றவர். அவரையும் போகி, குடிகாரன் என்று தூற்றினார்கள். அவர் சாப்பாடு என்னவென்றால் ரொட்டியும் தண்ணீரும். ஒரு சிநேகிதருக்கு எழுதும்போது, ஒரு ஜாடிப் பாலாடைக் கட்டி அனுப்பு, வேண்டுமென்கிறபோது விருந்து சாப்பிட்டுக் கொள்கிறேன் என்கின்ற மாதிரி எழுதினார். அவருடைய தோட்டத்தில் பெண்களும் அடிமைகளும் கூட உட்கார்ந்து பேசலாம். அனுபவிப்பது என்பதற்கு நிறையச் செலவு வேண்டும் என்று நினைப்பது தான் நம் நாட்டுப் பைத்தியம்.

நாம் எதை அனுபவிப்பு என்று நினைக்கின்றோம் பாருங்கள். காது குத்துக்குப் பந்தல், மஞ்சள் நீராட்டுக்கு மேளம், கல்யாணத்துக்கு ஆயிரம் பேர் சாப்பாடு, ரோட்டை மறித்துக் கட் அவுட்டு. குழுக் கடன் வாங்கி, நகையை அடகு வைத்து, மூன்று நாள் கூத்து. மூன்று வருஷம் வட்டி. இந்த மூன்று நாளாவது வீட்டுக்காரன் சந்தோஷமாய் இருந்தானா என்றால் கிடையாது. மொய் எழுதினவன் யார், எழுதாதவன் யார், சாம்பார் தீர்ந்து போயிற்றா என்று ஓடிக் கொண்டேயிருந்தான். சாப்பிடக் கூட உட்காரவில்லை. ஊரார் கண்ணுக்காகச் செய்யப்பட்டது எதுவும் செய்தவனுக்கு இன்பமாகாது. அதே மனிதன் அறுப்பு முடிந்த மறுநாள் வரப்பில் உட்கார்ந்து, கெண்டை மீன் குழம்பை ஊற்றிப் பழைய சோறு சாப்பிட்டபோது அவன் முகத்தைப் பார்த்திருக்கின்றோம். அதற்கு வட்டி கிடையாது.

இனி, நம் தாய்மார்கள் பக்கம் திரும்ப வேண்டும். இவ்வளவு நேரம் நாம் ஓய்வு, இன்பம் என்று பேசியதெல்லாம் ஆண்பிள்ளைகள் கணக்கே. ஆண்பிள்ளை வேலையிலிருந்து வந்து திண்ணையில் காலை நீட்டி, காற்று வாங்கி, பேப்பர் படித்து, நிகழ்காலத்தை வெகு நன்றாய் அனுபவிக்கின்றான். அந்த நிகழ்காலத்துக்கு வேண்டிய காப்பி அடுப்படியிலிருந்து வர வேண்டும். நாற்று நடவுக்கு அவளும் தான் காலையில் போனாள். அவளுக்கு இடுப்பு நோவு வராதா? ஞாயிற்றுக் கிழமை என்றால் அவனுக்கு லீவு. அவளுக்குக் கறிக் குழம்பு வேலை கூடுதல். ஒரு வீட்டில் ஒருவன் அமைதியாய் இருக்கின்றான் என்றால், அந்த அமைதியை யார் தூக்கிக் கொண்டு நிற்கின்றார்கள் என்று பார்க்க வேண்டும். இக்கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களை எண்ணிப் பார்த்தோம். ஆண்களில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. மற்றவர்கள் எங்கே? நீங்கள் கூட்டம் முடிந்து போனால் சாப்பிட வேண்டுமே, அதற்காக வீட்டில் இருக்கின்றார்கள்.

ஓய்வு என்பதைத் தனி மனிதன் மனப்பான்மையைப் பொறுத்தது என்று விட்டுவிட்டால் அது யாருக்கும் கிடைக்காது. அது உரிமையாக வந்தால்தான் உண்டு. 1886-ல் சிக்காகோவில் எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் தன்னிஷ்டம் என்று கேட்ட தொழிலாளிகள் உயிரைக் கொடுத்தார்கள். அந்த மே தினத்தை 1923-ல் சென்னைக் கடற்கரையில் தோழர் சிங்காரவேலர் கொண்டாடினார். சரியாக 100 வருஷம் கழித்து 2023 ஏப்ரலில் சென்னைச் சட்டசபையில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடம் கொடுக்கும் ஒரு மசோதா நிறைவேற்றப்பட்டது. எதிர்ப்புக் கிளம்பவே, அந்த வருஷம் மே தினத்தன்றே அது வாபஸ் பெறப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். அதற்கு முன் 2021-ல் கடைச் சிப்பந்திகள் உட்காருவதற்கு இருக்கை வைக்க வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. யோசித்துப் பாருங்கள்: ஜவுளிக் கடையில் நாள் பூராவும் நிற்கின்ற பெண், ஆள் இல்லாத நேரத்தில் சற்று உட்காருவதற்கு ஒரு சட்டம் வேண்டியிருந்தது!

இந்த நிலையில் 2023-ல் பெரிய கம்பெனி ஒன்றின் ஸ்தாபகர் வாலிபர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் இன்னொரு கம்பெனித் தலைவர் பேசினது வெளியாயிற்று. அவர் 90 மணி என்றார். ஞாயிற்றுக் கிழமை வீட்டில் இருந்து கொண்டு மனைவி முகத்தை எவ்வளவு நேரம் பார்த்துக் கொண்டிருப்பது என்றும் கேட்டார். விடிவதற்கு முன் இறங்கி இருட்டின பின் ஏறுகின்ற பண்ணையாள் வேலைக்கும் இதற்கும் சட்டையைத் தவிர வேறு என்ன வித்தியாசம் என்று நாம் கேட்கின்றோம். நூறு நாள் வேலை என்று 2005-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் வந்தபோது, கிழவிகள் மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக் கொண்டு பேசுகின்றார்களே என்று நிலக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல். ஐம்பது வருஷம் குனிந்து நாற்று நட்டவள் அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்தால் அதற்குச் சோம்பல் என்று பெயர். பண்ணைக்காரர் ஊஞ்சலில் ஆடினால் அதற்கு நிம்மதி என்று பெயர்.

மேல் நாட்டு அறிஞர்கள் இதை வெகு நாளைக்கு முன்பே பார்த்தார்கள். 1930-ல் கெயின்ஸ் என்கின்ற பொருளாதார நிபுணர், இன்னும் நூறு வருஷத்தில் வாரத்துக்குப் பதினைந்து மணி வேலை போதுமானதாகிவிடும் என்று எழுதினார். 1932-ல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், தினம் நான்கு மணி நேரம் போதும் என்று வாதாடினார். இயந்திரம் பெருகப் பெருக மனிதன் பாடுபடும் நேரம் வெகுவாய்க் குறையும் என்று பெரியாரும் "இனி வரும் உலகம்" என்பதில் சொன்னார். இயந்திரம் வரத்தான் செய்தது. பத்து ஆள் பல நாள் அறுத்ததை இப்போது அறுப்பு இயந்திரம் ஒன்றிரண்டு மணியில் அறுத்துக் கொட்டிவிடுகின்றது. மிச்சமான நேரம் யாருக்கு வந்தது? அறுத்தவனுக்கு ஓய்வு வரவில்லை, வேலையே போயிற்று. அவன் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் பஸ் ஏறினான். ஆகவே இயந்திரம் தானாக ஓய்வைக் கொடுக்காது. அதன் பலனில் பங்கு கேட்டு வாங்கினால்தான் உண்டு. இதுவும் "இன்னும் வேண்டும்" என்பதில் ஒரு வகைதான். இன்னும் பணம் என்பதற்குப் பதில் இன்னும் நேரம் என்று கேட்பது.

பாடுபடுவதும் அனுபவிப்பதும் ஒன்றுக்கொன்று விரோதம் என்றே வைத்துக் கொள்ள வேண்டியதில்லை. உங்கள் ஊர்ப் பக்கத்து நல்லமாங்குடியில் 1930-ல் பிறந்த கே. பாலசந்தரை எடுத்துக் கொள்ளுங்கள். முத்துப்பேட்டையில் வாத்தியாராக இருந்தார். பிறகு சென்னையில் அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீசில் குமாஸ்தா. பகலெல்லாம் கணக்கு, சாயங்காலம் நாடகம். சினிமாவில் பெரிய ஆளான பின்புதான் சந்தோஷம் என்று அவர் சாயங்காலங்களைப் பூட்டி வைக்கவில்லை. 1965-ல் "நீர்க்குமிழி" வந்து டைரக்டர் என்று பேர் வாங்குவதற்கு முன்பு பல வருஷம் அவர் நாடகம் போட்டுக் கொண்டிருந்தார். அது அவருக்கு மேலே ஏறுகின்ற ஏணியாகவும் இருந்தது, அன்றன்றைய சுகமாகவும் இருந்தது. சினிமா வராமலே போயிருந்தால் கூட அந்தச் சாயங்காலங்கள் நஷ்டமாகியிருக்க மாட்டா. ஆனால் ஒன்று: அவருக்குச் சாயங்காலம் என்று ஒன்று இருந்தது. ஆபீஸ் ஐந்து மணியோடு விட்டது. இதைத்தான் மறுபடி மறுபடி சொல்லுகின்றோம்.

இனி அதிகம் பேசப் போவதில்லை. கடைசிப் பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்கள் எழுந்து நிற்கின்றார்கள். டீக்கடை விஷயத்தை முடித்துவிடுகின்றோம்.

அந்த அரபு நாட்டுத் தோழரைப் பார்த்துப் போகாதே என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை, அவர் வீட்டு அரிசிக்கு நாம் பணம் கொடுக்கப் போவதில்லை. ஒன்றே ஒன்று கேட்டோம். கடைக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டதற்கு எட்டு லட்சம் என்றார். எட்டு வந்த பிறகு பத்து என்று தோன்றினால் என்ன செய்வீர்கள் என்றதற்குச் சிரித்தார். அந்த எட்டு என்கின்ற எண்ணையும், ஒரு தேதியையும் காகிதத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, உங்கள் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்த அம்மாளுக்கும் இதில் அபிப்பிராயம் இருக்கும், அதையும் கேட்டு எழுதுங்கள் என்றோம். செய்கின்றேன் என்று சொல்லியிருக்கின்றார். இந்த லீவில் மிச்சமிருப்பது இருபத்திரண்டு நாள். அதில் பதினைந்து நாளைக் கல்யாணங்களுக்கும் சொந்தக்காரர் வீடுகளுக்கும் ஒதுக்கியிருந்தாராம். அதில் பாதியை வெட்டிவிட்டார்.

பெரியவரிடம் போதும் என்றிருந்தது போதும் என்று சொல்லிவிட்டோம். அவருக்குக் குடியிருக்கும் மனைக்குப் பட்டா இல்லை. இது வரையில் அவர் அதற்கு ஒரு மனு கூடப் போட்டதில்லை. இருக்கின்ற வரையில் இருந்துவிட்டுப் போகலாம் என்று இருந்துவிட்டார். டீக்கடையிலேயே மனு எழுதினோம். எழுதினவர் அந்த அரபு நாட்டுத் தோழர்தான், கையெழுத்து நன்றாயிருக்கின்றது. பெரியவர் ரேகை வைத்திருக்கின்றார். அதே தெருவில் இன்னும் பட்டா இல்லாதவர்கள் இருந்தால் கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் வந்து பெயர் கொடுக்கவும். நாளைக் காலை பத்து மணிக்கு எல்லோருமாகப் போய் மனுவைக் கொடுப்பது என்று ஏற்பாடு. வருகின்றவர்கள் வீட்டுப் பெண்களையும் அழைத்து வரவும். மத்தியானச் சாப்பாட்டைச் சங்கத்துத் தோழர்கள், ஆண்பிள்ளைகளே, சமைக்கின்றார்கள்.